பாதி வண்டி

ஆர்.சி. புத்தகத்தில் இரண்டு பேர் பெயரை எழுதும் வழக்கம் இல்லை. அதனால் எங்கள் வண்டி என் பங்காளியின் பெயரில் இருந்தது. ரத்தப் பங்காளி இல்லை. பாலிடெக்னிக்கில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவன், வண்டிக்குப் பாதிப் பணம் போட்ட நாளிலிருந்து பங்காளி ஆனான். அம்பத்தூரில் அவர்கள் வீட்டு முன்புறம் ஓட்டுச் சாய்ப்பு உண்டு. மழையில் நனையாமல் வண்டி நிறுத்த இடம் வைத்திருந்தவன் பெயரில் வண்டி. அவ்வளவுதான் அன்றைய யோசனை. யார் வீட்டில் வண்டி நிற்கிறதோ அவன்தான் ஊர் கண்ணுக்கு முதலாளி என்பது கொஞ்ச நாளில் விளங்கியது. அவன் அம்மா ஈரத்துண்டை அதன் ஹேண்டில்பாரில்தான் காயப்போடுவார். சாயங்காலம் நான் பானாவோடு போய் நின்றால், "வாப்பா, அவன் வண்டியைப் பார்க்க வந்தியா?" என்பார். அந்த 'அவன் வண்டி' உறுத்தும். காபி நன்றாக இருக்கும் என்பதால் வாயைத் திறப்பதில்லை.

யமஹா ஆர்.எக்ஸ். 100. 1985இல் வந்து 1996 வரை விற்ற வண்டி. 98 சிசி, போர் 50 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக்கும் 50. கம்பெனி சொன்ன சக்தி 11 குதிரை, எடை 103 கிலோ, நாலு கியர். வேகம் ஒரு காரணம்தான். இதை எடுத்ததற்குப் பெரிய காரணம் புதுப்பேட்டை. "ரேஸுக்கு வண்டி வாங்குறப்ப வண்டியப் பாக்காதீங்க தம்பி, உடைஞ்சா பாகம் எங்க கெடைக்கும்னு பாருங்க" என்று எங்கள் மெக்கானிக் அண்ணன் சொல்லியிருந்தார். புதுப்பேட்டையில் ஆர்.எக்ஸ்.ஸின் ஃபுட்ரெஸ்ட், லீவர், ஃபோர்க் குழாய், பெட்ரோல் டேங்க் எல்லாம் பிரித்து அடுக்கி வைத்திருப்பார்கள். பேரம் பேசத் தெரிந்தால் போதும். ஆர்.டி. 350 மேல் எங்கள் இரண்டு பேருக்கும் கண் இருந்தது. 347 சிசி, இரட்டை சிலிண்டர். ஆனால் அதற்குப் பிஸ்டன் இரண்டு, கார்பரேட்டர் இரண்டு, சைலன்சர் இரண்டு. பங்கு போட்டாலும் எங்கள் சம்பளத்துக்கு எட்டாது. ஆசை அதோடு நின்றது.

ஒரு வண்டி, இரண்டு பேர், ஆகவே பாதிச் செலவு என்று பங்கு போட வருகிற எல்லாரும்தான் கணக்குப் போடுகிறார்கள். உண்மையில் பாதியாவது என்னென்ன? வண்டியின் விலை. பானா செட், ஸ்டாண்டு, பெட்ரோல் கேன், உதிரிப்பாகப் பெட்டி, வேன் வாடகை. அத்தோடு சரி. போட்டி உரிமம் ஆளுக்கு ஒன்று. ரத்த வகை எழுதிய மருத்துவச் சான்று ஆளுக்கு ஒன்று. நுழைவுக் கட்டணம் தனித்தனி. ஹெல்மெட், கையுறை, பூட்ஸ், லெதர் சூட் தனித்தனி. டயர், செயின், பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட், பிஸ்டன் ரிங் ஆகியவை பொதுச்செலவு. ஆனால் ஒருவன் ஓட்டினால் ஒரு சீசன் வருவது இரண்டு பேர் ஓட்டினால் அரை சீசனில் தேய்ந்துவிடும். அங்கே பங்கு போட்டதில் ஒரு பைசா மிச்சமில்லை. எந்தக் கிளப் ரேஸிலும் வண்டியின் விலைதான் சின்னச் செலவு. அந்தச் சின்னதைத்தான் நாங்கள் பாதியாக்கினோம்.

லெதர் சூட்டுக்கே ஒரு கதை உண்டு. பெரியமேட்டில் தோல் வாங்கி, ஜாக்கெட் தைக்கும் ஒரு பாயிடம் கொடுத்தோம். ரேஸ் சூட் என்றால் என்னவென்று அவருக்கு ஒரு வெளிநாட்டுப் பத்திரிகைப் படத்தைக் காட்டித்தான் விளக்கினோம். நின்றுகொண்டிருக்கும் ஆளுக்குத் தைப்பதும் டேங்க் மேல் படுத்திருக்கும் ஆளுக்குத் தைப்பதும் வேறு வேறு என்று அவரே கண்டுபிடித்து, எங்களை ஒரு ஸ்டூல் மேல் குனியவைத்து அளவெடுத்தார். முதலில் ஒரே சூட் தைத்து மாற்றி மாற்றிப் போடலாமா என்று பங்காளி கேட்டான். அவன் ஆறடி, நான் ஐந்தரை. விழுந்தால் தோலுக்குப் பதில் தேய்வது அந்தத் தோல்தான். தொளதொளவென்று இருந்தால் சுருண்டு மேலே ஏறிக்கொள்ளும், தார் சதையைத் தொடும். ஹெல்மெட்டும் அப்படித்தான். உள் நுரை போடுகிறவன் தலைக்குப் படிந்துபோகும். ஒருமுறை கீழே அடிபட்டால் வெளியே கீறல் தெரியாவிட்டாலும் அது தீர்ந்தது. இவற்றைப் பங்கு போடவே கூடாது. பாய் இரண்டு சூட் தைத்துத் தந்தார். இரண்டையும் சேர்த்தால் வண்டியின் விலையை நெருங்கியது.

புதுத் தோலின் வாடை எனக்கு இன்றைக்கும் சோழவரத்தைக் கொண்டுவரும். சித்தப்பா என்னைக் கூட்டிப்போனது எண்பதுகளில். இரண்டாம் உலகப் போரில் வெள்ளைக்காரன் போட்ட விமான ஓடுதளம் அது, கல்கத்தா நெடுஞ்சாலையில். 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் ரேஸ் நடத்தியது. வெயிலுக்கு ஒரு மரம் கிடையாது. வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் ஜனம் நெருக்கியடித்து நிற்கும். எரிந்த விளக்கெண்ணெய் வாடை காற்றில் வரும். ரேஸ் ஆயிலில் விளக்கெண்ணெய் உண்டு என்று சித்தப்பா சொன்னார், நான் நம்பவில்லை. அது உண்மை. அங்கேதான் முதன்முதலில் கவனித்தேன்: ஒருவர் ஓட்டி முடித்து வந்து இறங்குகிறார், ஓரமாக ஹெல்மெட்டோடு காத்திருந்த இன்னொருவர் அதே வண்டியில் ஏறுகிறார், நடுவில் ஒருவன் நம்பர் ஸ்டிக்கரைப் பிய்த்து வேறு நம்பர் ஒட்டுகிறான். "ரெண்டு பேரும் சேந்து வாங்கினதுடா" என்றார் சித்தப்பா. எனக்கு அது அப்போதே பிடித்துப்போயிற்று. அண்ணன் தம்பிகளே வரப்புக்கு அடித்துக்கொள்ளும் ஊரில் இப்படியும் ஒரு கூட்டு.

நாங்கள் ஓட்ட வந்தபோது சோழவரம் முடிந்திருந்தது. 1990இல் கிளப் தன் சொந்தத் தளத்தை இருங்காட்டுக்கோட்டையில் திறந்தது. ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால், பெங்களூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே. முழுச் சுற்று 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். அன்றைக்குச் சுற்றிலும் பொட்டல். ஹூண்டாய் தொழிற்சாலையெல்லாம் பிறகு வந்தது. காற்றை மறிக்க எதுவும் இல்லாததால் நேர்ச்சாலையில் எதிர்காற்று அடித்தால் 11 குதிரையில் நாலு குதிரை அதற்கே போகும் என்று அண்ணன் சொல்வார். அது மெக்கானிக் கணக்கு; ஆனாலும் எதிர்காற்றில் நாலாவது கியர் இழுக்காமல் மூன்றுக்கு இறக்கியிருக்கிறேன்.

வேனுக்குக் காசில்லாத மாதங்களில் வண்டியை ஓட்டிக்கொண்டே போவோம். இரண்டு சூட்டும் மூட்டையாகப் பின்னால் உட்காருபவன் மடியில். போனதும் ஹெட்லைட், இண்டிகேட்டர், கண்ணாடி, சைடு ஸ்டாண்டு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். ஆயில் டிரெயின் போல்ட்டில் ஓட்டை போட்டு லாக் வயர் முறுக்கியிருக்க வேண்டும், கழன்று விழுந்து தளத்தில் ஆயில் கொட்டினால் பின்னால் வருகிறவன் உயிர் போகும். ஸ்க்ரூட்டினிக்கு நிற்கும் அதிகாரி முதலில் அந்த வயரைத்தான் நெருடிப் பார்ப்பார். சாயங்காலம் எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, பூந்தமல்லி வழியாக லாரிகளுக்கு நடுவே வீடு. இந்தக் கழற்றி மாட்டும் வேலையில்தான் பங்காளியின் அருமை தெரியும். தனியாக ரேஸுக்கு வருகிறவனைப் பார்த்தால் பாவமாக இருக்கும். ஸ்டாண்டைப் பிடிக்க ஆளில்லை, நேரம் எடுக்க ஆளில்லை, பெட்ரோல் ஊற்ற ஆளில்லை. விழுந்தால் ஆம்புலன்ஸ் பின்னால் ஓடி வர ஆளில்லை. இதற்கெல்லாம் கூலி கொடுத்தால் எவ்வளவு ஆகும் என்று யாரும் கணக்கு எழுதுவதில்லை. என் மட்டில் பங்கு வண்டியின் லாபம் முழுக்க இந்த ஒரு இனத்தில்தான் இருக்கிறது.

கணக்கு நோட்டு ஒன்று வைத்திருந்தோம். நீல அட்டை, நாற்பது பக்கம். 'பொது', 'அவன்', 'நான்' என்று மூன்று பத்தி. முதல் பக்கத்தில் ஒப்பந்தம், என் கையெழுத்தில்: கீழே போட்டவன் செலவு. அதாவது விழுந்தால் வளைந்த ஹேண்டில்பார், உடைந்த லீவர், நசுங்கிய டேங்க் எல்லாம் ஓட்டியவன் தலையில். இன்ஜின் தானாகப் பிடித்துக்கொண்டால், அதாவது சூட்டில் பிஸ்டன் இறுகி நின்றுபோனால், பொது. இன்ஷூரன்ஸ் காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம். வண்டிக்கு நாம் எடுக்கும் சாதாரண பாலிசியில் போட்டி ஓட்டத்துக்கும் வேகச் சோதனைக்கும் பொறுப்பில்லை என்று அச்சடித்தே இருக்கிறது. தளத்துக்குள் இறங்கினால் எல்லாம் கைக்காசு.

டயரை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் முதல் சண்டை. சுற்றுக் கணக்கில் பிரிக்கலாம் என்றான் அவன். சுற்று ஒன்றாக இருந்தாலும் அவன் எடைக்குத் தேய்வது அதிகம் என்றேன் நான். "அப்ப என்னைத் தராசுல நிறுத்தறியாடா?" என்று கோபித்துக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டான். கடைசியில் டயர் முழுக்கப் பொது, புது டயரில் முதல் ஓட்டம் மாறி மாறி என்று முடிவானது.

எடை விஷயத்தை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வண்டி 103 கிலோ, அவன் எழுபத்தைந்து, நான் அறுபது. 11 குதிரை வண்டிக்கு அந்தப் பதினைந்து கிலோ பெரிய பாரம். அவன் ஓட்டினால் வளைவிலிருந்து வெளியே வரும்போது இழுக்காது. பின் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் கூட்ட வேண்டும். அதே ஸ்ப்ராக்கெட்டில் நான் ஏறினால் நேர்ச்சாலை முடிவதற்கு முன்பே இன்ஜின் கத்த ஆரம்பிக்கும். அவனுக்குப் பின் ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்கை இறுக்கிவைக்க வேண்டும். எனக்கு அந்த இறுக்கத்தில் பின்சக்கரம் குதிக்கும். ஹேண்டில்பார் அவனுக்குக் குறுகல், எனக்கு அகலம். ஒரே நாளில் இரண்டு பேரும் ஓட்டும்போது நடுவில் கிடைக்கும் நேரத்தில் எதை மாற்றுவது, எதை விடுவது? ஸ்ப்ராக்கெட் மாற்றினால் சக்கரம் கழற்றி, செயின் நீளம் பார்த்து, நேர் வைக்க வேண்டும். நேரம் போதாது. ஆகவே யாருக்கும் முழுதாகப் பொருந்தாத ஒரு பல்லில் வண்டி நின்றது. ஷாக்கை மட்டும் மாற்றுவோம்.

ஜப்பானில் 1978 முதல் சுசுகா எட்டு மணி நேர ரேஸ் நடக்கிறது. இரண்டு மூன்று பேர் ஒரே வண்டியை மாறி மாறி ஓட்டுவார்கள். பணம் கொட்டும் கம்பெனி அணிகள். அங்கேயும் குள்ளனும் நெட்டையனும் ஒரே சீட்டில் உட்கார்ந்து, யாருக்கும் முழுத் திருப்தி இல்லாத அமைப்பில்தான் ஓட்டுகிறார்கள். இப்போது அதைத் திரையில் பார்க்கும்போது வேகத்தைவிட, வண்டி மாறும் நிமிஷத்தைத்தான் பார்க்கிறேன். ஏறுகிறவன் பிரேக் லீவரை விரலால் தொட்டுப் பார்ப்பான். பங்காளியும் அப்படித்தான் தொடுவான்.

அடுத்தது ஜெட், கார்பரேட்டரில் பெட்ரோல் போகும் அளவைத் தீர்மானிக்கும் துளை. காலையில் காற்று குளிர்ந்து கனமாக இருக்கும், அதற்கேற்ப அதிகப் பெட்ரோல் வேண்டும், பெரிய மெயின் ஜெட். மத்தியானம் சென்னை வெயிலில் காற்று இளகிவிடும், சின்ன ஜெட். பெரிய ஜெட்டோடு மத்தியானம் ஓட்டினால் வண்டி மந்தமாகும், அவ்வளவுதான். சின்ன ஜெட்டோடு காலையில் ஓட்டினால் பெட்ரோல் பற்றாமல் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். ரேஸுக்கு ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றுவோம் என்பதால் பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். ஆகவே காலை ஓட்டக்காரனுக்கு ஒரு ஜெட், மத்தியான ஓட்டக்காரனுக்கு ஒரு ஜெட். மாற்ற மறந்தால் அடுத்தவன் கதி அதோகதி. ஓட்டி வந்ததும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அண்ணன் வெளிச்சத்தில் பிடிப்பார். காபிப்பொடி நிறம் என்றால் சரி. வெளுத்திருந்தால் ஆபத்து. கருத்திருந்தால் திட்டு மட்டும். யார் ஓட்டினாலும் பிளக் பொய் சொல்லாது என்பது அவர் கட்சி.

பிளக் வெளுத்துக் காட்டும் அந்த ஆபத்துதான் எங்கள் ஒப்பந்தத்தைக் கிழித்தது. ஒரு பயிற்சி ஓட்டத்தில் பங்காளி நேர்ச்சாலை முடிவில் ஆக்ஸிலேட்டரை விட்டதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. பிடித்தால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். அதற்காகத்தான் டூ ஸ்ட்ரோக் ஓட்டுகிறவர்கள் இடது கையின் இரண்டு விரலைக் கிளட்ச் மேலேயே வைத்திருப்பார்கள். அவனும் வைத்திருந்தான், ஆனாலும் நொடி பிந்திவிட்டது. விழுந்து மண்ணில் உருண்டு எழுந்துவிட்டான். சூட்டின் முழங்கை மட்டும் போனது. வண்டிக்கு டேங்க், ஹேண்டில்பார், ஃபுட்ரெஸ்ட்; உள்ளே பிஸ்டன், சிலிண்டர். நோட்டைத் திறந்தோம். பிடித்தால் பொது. விழுந்தால் ஓட்டியவன். பிடித்ததால் விழுந்தால்? அதை யாரும் எழுதியிருக்கவில்லை. அண்ணன் கார்பரேட்டரைக் கழற்றி, அதற்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பரில் தலைமுடி அளவு வெடிப்பைக் காட்டினார். அதன் வழியாகக் காற்று நுழைந்து பெட்ரோல் பற்றாமல் போயிருக்கிறது. "ரப்பர் யாரு பங்கு தம்பி?" என்று கேட்டார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. லேத் பட்டறையில் சிலிண்டரைப் போர் பண்ணி, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டோம். எல்லாம் பொது. அவன் சூட்டின் முழங்கையைப் பாய் இலவசமாகத் தைத்துத் தந்தார்.

இன்றைய பையன்களுக்கு இந்த வம்பில்லை. டிவிஎஸ் 1994 முதல் ஒன்-மேக் ரேஸ் நடத்துகிறது. மற்ற கம்பெனிகளும் வந்தன. ஒரே மாதிரி வண்டிகளைக் கம்பெனியே தயார் செய்து நிறுத்திவிடும். ஓட்டுகிறவன் கட்டணம் கட்டி, சூட்டோடு வந்தால் போதும். யாருக்கும் சொந்தமில்லாத வண்டியை எல்லாரும் பகிர்ந்துகொள்கிறார்கள். பங்கு என்றால் இதுதான் சுத்தமான பங்கு. திறமை உள்ள ஏழைப் பையனுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது என்பேன். பிளக்கின் நிறம் பார்க்க அவனுக்குத் தெரியாமல் போகிறதே என்று என் வயசுக்காரர்கள் புலம்புவார்கள். பிளக் பார்க்கத் தெரிந்த நாங்கள் எந்தக் கோட்டையைப் பிடித்தோம் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

2003இல் கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே திறந்தார்கள். இந்தியாவிலேயே ஃபார்முலா கார்களைக் கட்டிய கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்துபோனார். அவர் பெயரில் அந்தத் தளம். சுற்று 2.1 கிலோமீட்டர்தான். அங்கே ஓட்டுவதற்காக வண்டியை ரயிலில் பார்சல் போட்டோம். பெட்ரோலைச் சொட்டில்லாமல் வடிக்க வேண்டும், சாக்குச் சுற்ற வேண்டும். ஒருவன் அதே ரயிலில் போக, இன்னொருவன் வேலை முடிந்து பஸ்ஸில். சின்ன வளைவுகள் அடுத்தடுத்து வரும் தளம் என்பதால் பின் ஸ்ப்ராக்கெட்டைப் பெரிதாக்கினோம். அந்தப் பல்லில் முதன்முறையாக அவனுக்கும் வண்டி இழுத்தது, எனக்கும் ஒத்துவந்தது. அதற்குள் இரண்டு பேருக்கும் கல்யாணமாகி, நோட்டில் 'பொது' பத்தி ரொம்ப நாளாகக் காலியாகக் கிடந்தது.

பிரிக்கும் வேளை வந்தபோது வெளியாள் யாரும் தேவைப்படவில்லை. எங்கள் பக்கத்தில் நிலம் பிரிக்கும்போது மூத்தவன் பாகம் போடுவான், இளையவன் முதலில் எடுப்பான். போடுகிறவன் கை அதனால் நேராக இருக்கும். அதையே செய்தோம். பாதி வண்டிக்கு ஒரு விலையை நான் சொன்னேன். அந்த விலைக்கு என் பாதியை வாங்குவதா, தன் பாதியை எனக்கு விற்பதா என்பது அவன் இஷ்டம். அவன் வாங்கிக்கொண்டான். ஆர்.சி.யில் பெயர் மாற்றும் செலவும் மிச்சம். இன்றைக்கு நல்ல ஆர்.எக்ஸ். 100 என்ன விலை போகிறது என்று பார்க்கிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சிலிண்டரைப் போர் பண்ணிப் பண்ணி மிச்சமென்ன இருந்தது என்று எனக்குத் தெரியும்.

பங்கு வண்டி எடுக்க நினைக்கும் தம்பி தங்கைகள் யாராவது கேட்டால் இரண்டு காரியம் சொல்வேன். வாங்கும் நாளிலேயே பிரியும் விதியை எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். "பிடித்ததால் விழுந்தால்" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். அப்புறம், கூட்டுச் சேருகிறவரின் உயரத்தையும் எடையையும் முதலில் பாருங்கள். சம்பளத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.